மெதுவாக வைத்தால் தாங்கும்

எக்ஸ்ரேயில் என் முழங்கால் மிக அழகாக இருந்தது. பார்த்தவர்கள் எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். கம்பளையில் படம் எடுத்த தம்பி சொன்னார். எங்கள் குடும்ப டொக்டர் சொன்னார். பள்ளிவாசலுக்குப் பக்கத்து பார்மசிக்காரர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஒண்டுமில்ல நானா, இரும்பு மாதிரி ஈக்கி" என்றார். அந்த இரும்புக் காலை இழுத்துக்கொண்டு நான் நொண்டி நொண்டி வீட்டுக்குப் போனேன்.

இப்போது சுகமாகிவிட்டது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கிளினிக் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் யாருக்காவது உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன். அந்த வாங்கில் நான் உட்கார்ந்திருந்தபோது எனக்கு யாரும் எதையும் சொல்லவில்லை. சொன்னவர்கள் எல்லாரும் எண்ணெய் பூசத்தான் சொன்னார்கள்.

என் பெயர் நளீம். அண்ணன் என்பதற்கு எங்கள் ஆட்கள் நானா என்பார்கள். கண்டி டவுனில் திரைச்சீலைத் துணிக் கடை வைத்திருக்கிறேன். வீடு கம்பளையில். தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். மனைவி பரீதா. ஒரே மகள் ரிஸ்னா. அவளுக்கு தெல்தெனியவில் மாப்பிள்ளை பேசி, டிசம்பர் லீவில் கலியாணம் என்று முடிவாகியிருந்தது.

பெருநாள் நெருங்கினால் எங்கள் ஆட்கள் வீட்டுக்கு வீடு திரைச்சீலை மாற்றுவார்கள். நோன்பின் கடைசி நாட்களில் கடையில் மூச்சுவிட நேரம் இருக்காது. அப்படி ஒரு நாள், மேல் தட்டில் இருந்த துணிக் கட்டு ஒன்றைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தேன். அவ்வளவு நேரம் பேரம் பேசிய வாடிக்கைக்கார அம்மா ஒருவர் வாசலை நோக்கி நடக்கத் தொடங்கினார். வியாபாரிக்கு அதைவிடப் பெரிய அபாயம் ஏது? மிச்சப் படிகளை விட்டுவிட்டுக் குதித்தேன். இடது கால் நீட்டினபடியே டைல்ஸ் தரையில் இறங்கியது. முழங்காலுக்குள் முறுக்கு உடைந்ததுபோல ஒரு சத்தம். அந்த அம்மாவுக்குத் துணியை வெட்டிக் கொடுத்த பிறகுதான் உட்கார்ந்தேன். நோன்பு திறக்கும் நேரத்தில் முழங்கால் பப்பாசிப்பழம் போல வீங்கியிருந்தது.

வீக்கம் வற்றியது, வலி வற்றவில்லை. சில நேரம் நடக்கும்போதே கால் பூட்டிக்கொள்ளும். பஸ் படியில் ஒரு முறை அப்படிப் பூட்டிக்கொண்டு ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நான் நிற்க, கொண்டக்டர் சிங்களத்தில் சொன்னதை இங்கே எழுத முடியாது. மடித்து உட்காரவே முடியவில்லை. பள்ளிவாசலில் பின் வரிசையில் முழங்கால்காரர்களுக்கென்று கதிரைகள் போட்டிருப்பார்கள். அதில் ஒன்றில் போய் உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் என்னைவிட இருபது வயது மூத்தவர்கள். நோயாளிக்கு மார்க்கத்தில் சலுகை இருக்கிறது, நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லாரும் நெற்றியை நிலத்தில் வைக்கும்போது நான் மட்டும் கதிரையில் குனிந்தேன். அன்று எனக்கு அழுகை வந்தது, யாரும் பார்க்கவில்லை.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. எங்கள் கலியாணச் சாப்பாடு சஹன் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றில் சோறும் கறியும் குவித்து வைப்பார்கள். அதைச் சுற்றி ஆறு பேர் பாயில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவார்கள். கலியாணம் பேசி முடித்த அன்று மாப்பிள்ளையின் வாப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "கலியாணத்தண்டு நீங்களும் நானும் ஒரே சஹன்ல, சம்பந்தி" என்றிருந்தார். அவர் தெல்தெனிய கடைத்தெருவில் பெரிய மனிதர். நல்ல உயரம், இரும்புச்சாமான் கடை, சத்தமான சிரிப்பு. அவர் பாயில் உட்கார, பெண்ணைக் கொடுக்கும் நான் மேலே கதிரையில் இருந்து அவர் தலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவதா? என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. காலைப் பற்றி அவர் வீட்டுக்கு மூச்சுவிடக் கூடாது என்று பரீதாவிடம் சொல்லிவைத்தேன்.

கடைசியில் கண்டியில் அரசாங்க ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்குப் போனேன். அந்தக் காத்திருப்பு ஒரு தனி உலகம். ஊன்றுகோல், கட்டு, வாங்கு, நம்பர்த் துண்டு, பிளாஸ்க்கில் தேத்தண்ணி. பக்கத்தில் இருப்பவர் தன் முழங்கால் கதையைத் தொடங்குவார், நம் கதையைக் கேட்கத் தொடங்கும்போது அவர் நம்பரைக் கூப்பிட்டுவிடுவார்கள். பரீதா அந்த வாங்கில் இருந்த எல்லாருக்கும் இடியப்பம் பங்கு வைத்தாள். எங்கள் நம்பர் வரும்போது எங்களுக்கு மிஞ்சவில்லை.

டொக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். எக்ஸ்ரேயை ஒரு தரம் பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். பிறகு முழங்காலை மடக்கி, திருப்பி, அமத்திப் பார்த்தார். நான் கத்தினேன்.

"காலை நீட்டிக்கொண்டு குதிச்சனீங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் டொக்டர், தோள்ல துணிக் கட்டோட. ஆனா படத்துல ஒண்டுமில்ல எண்டு சொன்னாங்க."

"படத்தில எலும்புதான் தெரியும். பிழை எலும்பில இல்லை. எலும்புக்கு மேல ஒரு பூச்சு இருக்கு, குருத்தெலும்பு. அது எக்ஸ்ரேக்கு அம்பிடாது. ஸ்கேன் எடுத்துக்கொண்டு வாங்கோ."

ஸ்கேனுக்கு வரிசை நீண்டிருந்ததால் வெளியே எடுத்தோம். பில் எவ்வளவு என்று இங்கே எழுத மாட்டேன். பரீதா இதை வாசிப்பாள். குழாய் போன்ற அந்த மெஷினுக்குள் தகரக் கூரையில் தேங்காய் விழுகிற மாதிரி சத்தம். கண்ணை மூடிக்கொண்டு தெரிந்த ஓதல்களை எல்லாம் ஓதி முடித்து, மறுபடி முதலில் இருந்து தொடங்கினேன்.

படத்தைப் பார்த்ததும் டொக்டர் ஒரு இடத்தைப் பேனையால் தொட்டார். தொடை எலும்பின் முனையில் குருத்தெலும்பு ஒரு துண்டு பெயர்ந்து, கதவு மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கிறது. கால் பூட்டிக்கொள்வது அது இடையில் சிக்குவதால்.

"ஒரு குதியில இப்பிடி ஆகுமா டொக்டர்? நாங்க சின்ன வயசுல எவ்வளவு குதிச்சீக்கிறோம்."

"நீங்கள் கம்பளை எண்டனீங்கள். மகாவலி ஆத்தில குதிச்சிருப்பியளே?"

கம்பளையில் பிறந்தவனிடம் கேட்கிற கேள்வியா இது! சிரித்தேன்.

"கையை மெல்ல மெல்லத் தண்ணிக்குள்ள விட்டா?"

"உள்ளுக்குப் போகும்."

"மேலயிருந்து வயிறு அடிபட விழுந்தா?"

"தண்ணி சிமெந்து மாதிரி, டொக்டர். தோல் உரிஞ்ச மாதிரி எரியும்."

"ஓம். உங்கட குருத்தெலும்பில முக்கால்வாசியும் தண்ணிதான். பாரத்தை மெதுவா வைச்சா, அந்தத் தண்ணி விலகி இடம் குடுக்கும். திடீரெண்டு அடிச்சா விலக நேரம் கிடையாது. அப்ப அது இறுகிப்போய் நிண்டு தாங்கும். சாதாரணக் குதியெண்டால் தாங்கியிருக்கும். நீங்கள் காலையும் மடக்கேல்லை, தோளில கட்டும் இருந்தது. வெடிச்சுப்போச்சு."

பிறகு நான் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதை என் பாஷையில் சொல்கிறேன். குருத்தெலும்பு என்பது மிக நெருக்கமாக நெய்த ஒரு வலை. என் கடையில் அவ்வளவு நெருக்க நெசவில் ஒரு துணி கிடையாது. அந்த வலைக்குள் தண்ணீர் பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. நாம் ஒரு அடி வைக்கும்போது முதலில் பாரத்தைத் தாங்குவது அந்தத் தண்ணீரின் அழுத்தம்தான். அழுத்தம் தொடர்ந்தால் தண்ணீர் அந்த நுண்ணிய துளைகளுக்குள்ளால் முட்டி மோதிக் கசியும். அந்த உராய்விலேயே அதிர்ச்சியின் ஒரு பங்கு கரைந்து, கொஞ்சம் சூடாகிப் போய்விடும். காலை எடுத்ததும் தண்ணீர் திரும்ப வந்து சேரும். ரப்பர் பந்தை அடித்தால் அடித்ததை அநேகமாக அப்படியே திருப்பித் தரும். முழங்காலுக்குள் பந்து இருந்திருந்தால் ஒவ்வொரு அடியிலும் நாம் துள்ளிக்கொண்டே போயிருப்போம். வாங்கினதை முழுதாகத் திருப்பித் தராத ஆளோடு நான் வியாபாரம் வைத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் முழங்காலுக்குள் அப்படி ஒரு ஆள்தான் வேண்டும்.

ஆனாலும் அது மெல்லிய பூச்சு. பெரிய குதியை அதனால் தனியாகத் தாங்க ஏலாது. முழங்கால் மடங்கும்போது தொடைத் தசைதான் அதில் பெரும் பங்கை வாங்கிக்கொள்கிறது. நான் காலை நீட்டிக்கொண்டு குதித்து, தசைக்கு வேலையே கொடுக்கவில்லை. பெரியவனை வீட்டில் விட்டுவிட்டுச் சின்னவனைச் சண்டைக்கு அனுப்பிய கதை.

இன்னொன்றும் சொன்னார் டொக்டர். குருத்தெலும்புக்கு இரத்தக்குழாய் கிடையாது. அதனால் வெட்டுக்காயம் போலத் தானாக ஆறாது. பெயர்ந்த துண்டை வெட்டி எடுத்து, அடியில் இருக்கும் எலும்பில் சின்னச் சின்னத் துளைகள் போட வேண்டும். எலும்புக்குள்ளிருந்து இரத்தம் கசிந்து அங்கே உறையும். அந்த உறைவு மெல்ல மெல்லப் புதிய பூச்சாக வளரும்.

"பழையது மாதிரி வருமா?"

"வராது. ஒட்டுப் போட்ட துணி புதுத்துணி ஆகுமோ? ஆனால் நல்ல ஒட்டு நெடுநாளைக்கு இருக்கும். போடுறது நான். காப்பாத்துறது நீங்கள்."

துணிக்காரனுக்கு இதைவிட விளக்கமாகச் சொல்ல முடியாது. நிலத்தில் உட்கார முடியுமா என்று கேட்க நினைத்தேன். முடியாது என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்காமலே வந்துவிட்டேன்.

ஜூனில் ஒபரேஷன். வாட்டில் என் பக்கத்துக் கட்டிலில் ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்து மனிதர் ஒருவர், இடுப்பு உடைந்து படுத்திருந்தார். அவருடைய மகள் கொண்டுவரும் ரொட்டியும் சம்பலும் எனக்கும் வரும், பரீதா கொண்டுவரும் கஞ்சி அவருக்கும் போகும். இரவில் வாட்டு தூங்காது. யாராவது முனகுவார்கள், யாராவது போத்தல் கேட்பார்கள். அந்த நேரத்தில் மனம் போகக்கூடாத இடமெல்லாம் போகும். கடையை யார் பார்ப்பது, மகளை யார் கைபிடித்துக் கொடுப்பது என்று. முழங்கால் ஒபரேஷனுக்கு யாரும் மௌத்தாவதில்லை என்று பகலில் தெரியும். இரவில் தெரியாது.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்கச் செய்தார்கள். நான் விழித்துக்கொண்டுதான் இருந்தேன். சின்னக் கமராவை முழங்காலுக்குள் விட்டு டிவியில் காட்டினார்கள். என் குருத்தெலும்பை அப்போதுதான் கண்ணால் பார்த்தேன். இளநீர் வழுக்கை மாதிரி வெள்ளையாக, பளபளப்பாக இருந்தது. இத்தனை வருடம் என்னைச் சுமந்த சாமான் இவ்வளவு அழகானது என்று எனக்குத் தெரியாது. பிறகு பெயர்ந்த இடம் வந்தது. அங்கே வழுக்கை கிழிந்து ஆடிக்கொண்டிருந்தது. சுப்ஹானல்லாஹ் என்று சொல்லிவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது பிசியோதெரபி மிஸ் வந்தார். பெயர் சுகந்தி. மலைநாட்டுப் பிள்ளை, கணீரென்ற குரல். அவர் இரண்டு விஷயம் சொன்னார்.

"நானா, காலு தரையில படக்கூடாது. நான் சொல்ற வரைக்கும் ஊனக்கூடாது. ஆனா மடக்கணும், நீட்டணும், மடக்கணும், நீட்டணும். குதிகாலைக் கட்டில்லயே இழுத்து இழுத்து விடணும். காலையில ஆரம்பிச்சா படுக்குற வரைக்கும். வெளங்குச்சா?"

விளங்கியது என்று தலையாட்டினேன். அதில் முதல் விஷயம் மட்டும்தான் வீடு வந்து சேர்ந்தது.

ஏனென்றால், நோயாளியைப் பார்க்கப் போவது எங்கள் ஊரில் கடமை. அதில் நன்மை இருக்கிறது. அந்த நன்மையைத் தேடி கம்பளையே எங்கள் வீட்டுக்கு வந்தது. சுபஹு தொழுதுவிட்டு ஆண்கள், பத்து மணிக்கு மாமிமார், சாச்சிமார், பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அடுத்த தெரு, அஸருக்குப் பிறகு கடைத்தெரு. பரீதாவுக்குத் தேத்தண்ணி ஊற்றவே கை போதவில்லை. நானோ சாரன் உடுத்த மனுசன். படுத்துக்கொண்டு குதியை இழுத்து முழங்காலை மடக்கினால் சாரன் எங்கே போய் நிற்கும்? கட்டிலைச் சுற்றி மாமிமார் கதிரை போட்டு உட்கார்ந்திருக்க, நான் எந்த முகத்தோடு அந்தப் பயிற்சியைச் செய்வது? போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு மரக்கட்டையாகக் கிடந்தேன்.

வந்தவர்களும் அதைத்தான் விரும்பினார்கள். "காலை ஆட்ட வாணாம் நானா, தெச்சது பிரிஞ்சிரும்." "அசையாம ஈந்தாத்தான் ஒட்டும்." பரீதா இரண்டு தலையணை வைத்து, காலை நீட்டி, பழைய துப்பட்டியால் அசையாமல் கட்டியும் விட்டாள். அன்பென்றால் அவ்வளவு அன்பு. எனக்கும் சுகமாகத்தான் இருந்தது. வலியே இல்லை.

அடுத்த கிளினிக்கில் சுகந்தி மிஸ் என் குதியைப் பிடித்து மடக்கப் பார்த்தார். கால் மடங்கவில்லை. துருப்பிடித்த கதவு மாதிரி கொஞ்சம் அசைந்து நின்றுகொண்டது.

"என்னா நானா இது? மடக்குனீங்களா இல்லையா?"

உண்மையைச் சொன்னேன். மாமிமார், சாரன், துப்பட்டி எல்லாம். மிஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

"வெளையாட்டு இல்லீங்க நானா. பாத்திரம் கழுவுற பஞ்சு இருக்குல்ல? புழிஞ்சா அழுக்குத் தண்ணி வெளிய வரும், விட்டா நல்ல தண்ணி உள்ள போகும். குருத்தெலும்பு சாப்புடுறது அப்படித்தான். ரத்தம் அதுக்குள்ள வராது. அழுத்தணும், விடணும், அழுத்தணும், விடணும். அப்பதான் சத்து உள்ள போகும். நீங்க கட்டிப் போட்டு அதைப் பட்டினி போட்டிருக்கீங்க. உள்ளுக்குள்ள தழும்பும் இறுகிருச்சு."

"இனி மடங்காதா மிஸ்?" என்று பரீதா கேட்டாள்.

"மடங்கும். ஆனா இப்பவே ஆரம்பிக்கணும். இன்னும் கொஞ்ச நாளு இப்படியே கெடந்தா இன்னொரு தரம் மயக்கம் குடுத்துத்தான் மடக்கணும். அதுக்கப்புறமும் நல்லா வருமுன்னு சொல்ல ஏலாது."

அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். டிசம்பரில் மகளின் கலியாணம், சஹனில் உட்கார வேண்டும், முடியுமா என்று. சுகந்தி மிஸ் பரீதாவைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"ஒங்க காலு ஒக்காரும் நானா. ஒங்க வீட்டு ஆளுங்க விட்டா."

திரும்பி வரும் வழியில், பேராதனை தாண்டியதும், பரீதா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். "நான்தானே கட்டி வெச்ச. ரிஸ்னாட வாப்பாட காலை நானே கெடுத்துட்டன்." நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பஸ்ஸுக்குள் நாங்கள் அப்படி இருப்பவர்கள் அல்ல. எனக்கு அவள் மீது கோபம் இல்லை. என் காலை இவ்வளவு பொத்திப் பொத்தி வைக்க இந்த உலகத்தில் வேறு யார் இருக்கிறார்கள்?

அழுகை முடிந்த பரீதா வேறு ஆள். அன்றைக்கே ரிஸ்னா எனக்கு ஒரு கறுப்பு நீளக் காற்சட்டை வாங்கி வந்தாள், விளையாட்டுக்காரர்கள் போடுவது. "போடுங்க வாப்பா, மாப்புள மாதிரி ஈப்பீங்க" என்றாள். வீட்டுக்குள் காற்சட்டை போட்டு எனக்குப் பழக்கமே இல்லை. கூச்சத்தில் முதல் நாள் போர்வையை விடவில்லை. பெண்களை பரீதா முன் அறையோடு நிறுத்தி, "அவருக்கு துஆ செய்ங்க, அது போதும்" என்று தேத்தண்ணியைக் கையில் கொடுத்தாள். ஆண்களுக்கு வேலை கொடுத்தாள். கட்டிலில் ஒரு வழுவழுப்பான பலகையைப் போட்டு, பவுடர் தூவி, வருகிறவர் என் குதியைப் பிடித்து மெல்ல மேலே தள்ள வேண்டும், மெல்ல விட வேண்டும். நன்மை தேடி வந்தவர்களுக்கு நன்மை கைமேல் கிடைத்தது.

முதல் நாட்களில் நான் போட்ட சத்தத்துக்கு அடுத்த தெருவில் நாய் குரைத்தது. பக்கத்து வீட்டு மச்சான் தன் தஸ்பீஹ் மணியை உருட்டி எத்தனை தரம் மடக்கினேன் என்று எண்ணுவார். "ஒங்கட முழங்காலால எனக்கு சொர்க்கத்துல ஒரு வளவு கெடைக்கும்" என்பார். கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு திறந்தது. நேற்று வராத இடத்துக்கு இன்று குதி வந்துவிட்டால் பரீதா சமையலறையிலிருந்து அகப்பையோடு ஓடி வந்து பார்ப்பாள்.

ஊன்றலாம் என்று சுகந்தி மிஸ் சொன்ன அன்று, நிறை பார்க்கும் தராசு ஒன்றைக் கீழே வைத்து, இடது காலை அதன் மேல் வைக்கச் சொன்னார். முள் கொஞ்சம் நகரும் வரை மட்டும் அழுத்து, பிறகு எடு. கிழமைக்குக் கிழமை முள் நகரும் அளவைக் கூட்டினார். அந்த முதல் தரம் நான் பயந்த பயம் ஒபரேஷனுக்கும் பயப்படவில்லை. உள்ளே புதிதாகப் பிடித்திருக்கும் பிஞ்சு நசுங்கிவிடுமோ என்று பாதம் தராசைத் தொடவே மறுத்தது.

"மெதுவா வைங்க நானா. மெதுவா வச்சா தாங்கும். அவசரப்பட்டுத்தானே விழுந்தீங்க?"

வைத்தேன். தாங்கியது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சத்தமாகச் சொல்ல, பக்கத்துக் கட்டிலில் தோள்பட்டைப் பயிற்சி செய்துகொண்டிருந்த சிங்கள அம்மா ஒருவர், புத்த விகாரையில் சொல்கிற மாதிரி, "சாது, சாது" என்றார்.

கடைக்குப் போகத் தொடங்கினேன். ஒரே இடத்தில் நாள் முழுக்க நிற்பதும் கூடாது என்று தெரிந்துகொண்டேன். விடாமல் அழுத்தினால் தண்ணீர் வெளியே போனதுதான், திரும்பி வர இடைவெளி இல்லை. அதனால் நிற்கிறேன், நடக்கிறேன், உட்காருகிறேன். மேல் தட்டுத் துணியை வேலைக்காரத் தம்பிதான் இறக்குகிறார். வாடிக்கையாளர் வாசலுக்கு நடந்தால் நடக்கட்டும்.

நவம்பரில் ஒரு நாள், வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு, கட்டில் விளிம்பைப் பிடித்து மெல்ல மெல்ல முழங்காலில் இறங்கி, நெற்றியை நிலத்தில் வைத்தேன். எழும்ப மனம் வரவில்லை. பரீதா கதவைத் தட்டி "விழுந்திட்டீங்களா?" என்று கேட்கும் வரை அப்படியே இருந்தேன்.

கலியாண நாள் வந்தது. நிகாஹ் முடிந்து எங்கள் வீட்டு முற்றத்துக் கொட்டகையில் சாப்பாடு. நான் உள்ளே போய்ப் பார்த்தால், மூலையில் ஒரு மேசை, வெள்ளை விரிப்பு, இரண்டு கதிரை, தனித் தனிப் பீங்கான் தட்டு.

"ஒரு வேளை ஏலாட்டி..." என்றாள் பரீதா, என் முகத்தைப் பார்க்காமல்.

"ஏலும்" என்றேன். உள்ளுக்குள் அவ்வளவு உறுதி இல்லை.

சம்பந்தி வந்தார். வெள்ளை ஜுப்பா, அத்தர் வாசம், அதே சத்தமான சிரிப்பு. மேசையை ஒரு தரம் பார்த்தார், பாயை ஒரு தரம் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஒரே சஹன் எண்டு சொன்னது ஞாபகம் ஈக்கா?" என்றேன். "மறப்பனா?" என்றார். மற்ற நால்வரும் உட்கார்ந்தார்கள். நான் வலது காலை முன்னே வைத்து, கையை நிலத்தில் ஊன்றி, இடது முழங்காலுக்கு நேரம் கொடுத்து, சுகந்தி மிஸ் பழக்கின மாதிரி பாயில் இறங்கினேன். சம்பந்தி என்னைவிட வேகமாக, தொப்பென்று உட்கார்ந்துவிட்டார். பெரிய மனிதரின் சுறுசுறுப்பைப் பார்த்து எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வந்தது.

நன்றாகச் சாப்பிட்டோம். இறைச்சியின் நல்ல துண்டை அவர் என் பக்கம் தள்ள, நான் அவர் பக்கம் தள்ள, கடைசியில் அது யார் வாயில் போனதென்று தெரியவில்லை. எனக்கு வலிக்கவில்லை. கொஞ்சம் இறுக்கம், அவ்வளவுதான். சாப்பாடு முடிந்து கை கழுவி, மற்ற நால்வரும் எழும்பிப் போனார்கள். நானும் பக்கவாட்டில் திரும்பி, முழங்காலில் ஊன்றி, மெல்ல எழும்பி நின்றேன்.

சம்பந்தி எழும்பவில்லை.

"இரிங்களே, கொஞ்சம் கதைச்சிட்டு போவம்" என்றார். அடுத்த பந்திக்குப் பாய் விரிக்க ஆட்கள் வந்து நின்றார்கள். அவர் மழையைப் பற்றிச் சொன்னார். விக்டோரியா நீர்த்தேக்கத்தில் தண்ணீர் மட்டம் எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று சொன்னார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. ஒரு கையால் பாயை இறுகப் பிடித்திருந்தார். அந்தக் கையையும் அந்தச் சிரிப்பையும் எனக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சிரிப்பைச் சிரித்துக்கொண்டுதான் நானும் இவ்வளவு மாதம் இவர் வீட்டாரிடம் இருந்து என் காலை மறைத்தேன்.

குனிந்து, மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்.

"எந்தக் கால், சம்பந்தி?"

அவர் சிரிப்பு நின்றது. சுற்றிலும் ஒரு தரம் பார்த்தார்.

"ரெண்டும்" என்றார்.

என் இரண்டு கைகளையும் நீட்டினேன். அவர் பிடித்துக்கொண்டார். கனமான மனிதர். நான் முழங்காலைக் கொஞ்சம் மடக்கி, தொடையை இறுக்கி நின்றேன். "அவசரப்பட வாணாம். மெதுவா" என்றேன். அவர் மெல்ல மெல்ல எழும்பினார். இரண்டு வாப்பாமாரின் பாரத்தையும் என் இடது முழங்கால் தாங்கியது.